கயிறு விழுந்த பக்கம்

வளர்ந்த ஆண் ஒருத்தன் பட்டப்பகலில் கடையில் உட்கார்ந்து கதை படிப்பது எங்கள் பக்கத்தில் வெட்கக்கேடான காரியம். பேப்பர் படிக்கலாம். பஞ்சாங்கம் பார்க்கலாம். சாமி புத்தகம் என்றால் எதிரே வருகிறவர்கள் செருப்பைக்கூடக் கழற்றுவார்கள். கதை என்றால் மட்டும், வேலையத்தவன் என்று பெயர் வந்துவிடும். எனக்கு அந்தப் பெயர் வந்துவிடக் கூடாது என்ற பயம். அந்தப் பயத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, சேலத்தில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில். அதன்பின் சைக்கிள் வேலை கற்றுக்கொண்டேன். கல்யாணம் ஆகிப் புதுச்சத்திரத்துக்குப் பிழைக்க வந்து, நாமக்கல் போகிற பெரிய ரோட்டோரம் ஒரு வாடகை சைக்கிள் கடை போட்டேன். ஊரில் எங்கள் குடும்பம் ஒன்றுதான் கிறிஸ்தவக் குடும்பம். அதனால் எனக்கு வேதக்காரர் என்று பெயர். கேலியாக இல்லை, மரியாதையாகவே அப்படிக் கூப்பிட்டார்கள். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேச எனக்கு வராது. வாடகையைக்கூட விரலைக் காட்டித்தான் சொல்வேன். என் மனைவி சொல்வாள்: "உங்களுக்கு வாய் வெச்ச ஆண்டவர் சாவி குடுக்க மறந்துட்டாரு."

இந்தி எதிர்ப்புக் கலவரம் நடந்த வருஷம், பேன்ட் போட்ட ஓர் இளைஞர் பஸ்ஸிலிருந்து இறங்கி, உள்ளே இருந்த ஒரு கிராமத்துக்குப் போகச் சைக்கிள் கேட்டார். தெரியாத ஆளுக்கு நான் சைக்கிள் கொடுப்பதானால் ஏதாவது ஒரு பொருளை வைத்துவிட்டுப் போக வேண்டும். அவரிடம் கடிகாரம் இல்லை. கையில் இருந்த தடிப் புத்தகத்தைக் கொடுத்தார். ரஷ்ய தேசத்து நாவல், தமிழில் பெயர்த்தது. அட்டையும் முதல் சில தாள்களும் இல்லை.

"பத்திரமா வைங்க. அந்த நாடு தலைகீழாப் புரளறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே எழுதினது இது. எழுதினபடியே நடந்துச்சு" என்றார்.

மாலையில் சைக்கிளை விட்ட கையோடு, கிளம்பிக்கொண்டிருந்த சேலம் பஸ்ஸில் தாவி ஏறிவிட்டார். புத்தகம் என்னிடமே தங்கிவிட்டது. வருவார், வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. வெயில் நேரத்தில் கடைக்கு ஆள் வராது. ஒரு நாள் சும்மா புரட்டினேன். பிறகு விட முடியவில்லை.

ஆற்றங்கரையில் ஒரு பெரிய பங்களா. அதில் ஒரு கிழ எஜமானர். தினமும் விருந்து. அந்த ஊர்க் கோயிலில் மணி அடிக்கிற ஒருவன் இருந்தான். கொஞ்சம் கிறுக்கு. ஒரு திருநாளன்று அவன் விருந்துக்கு நடுவில் புகுந்து, "இந்த வீட்டில் நாற்காலிகள் வெளியே போகும். குதிரைகள் உள்ளே வரும்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். எஜமானர் மட்டும் சிரிக்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறார். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கோ பனி பெய்கிற ஊரில் ஒரு கிழவர் நாற்காலியைத் தடவியது, செம்மண் புழுதி பறக்கிற ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது.

என் கடைக்கு எதிரே தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் தினமும் வந்து உட்காருவார். கதர்தான் உடுத்துவார். நரைத்த மீசை, இரண்டு பக்கமும் மேல்நோக்கி முறுக்கியிருக்கும். அதற்கு விளக்கெண்ணெய் போட்டுத் தடவுவார். கிணற்றுக்குக் கரண்டு வந்து மோட்டார் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அன்றைக்கு ஆண்ட கட்சிக்கு அவர் அடிமை. மாடு கட்டிக் கமலை இறைத்தே முதுகு ஒடிந்த மனிதர். ஒரு பொத்தானைத் தட்டினால் தண்ணீர் வருகிறது என்றால், அதைக் கொடுத்தவர்களை எப்படி மறப்பார்?

அவர்தான் ஒரு நாள் கேட்டார்: "என்னுங்க வேதக்காரரே, எப்பப் பாத்தாலும் அதையே படிக்கிறீங்க. உங்க வேதமுங்களா?"

கதை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சிரித்தேன்.

"கோயிலு, மணி, சாமியாருன்னு என்னென்னமோ வருதே, நானும் எட்டிப் பாத்தேனுங்க. அப்ப வேதந்தான்" என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

இன்னொரு நாள், சும்மா இருக்க மாட்டாமல், மணியடிக்கிற கிறுக்கன் ஒருவன் இதில் வருகிறான், எழுதினபடியே அந்த நாட்டில் நடந்ததாம் என்று நான் சொல்லிவிட்டேன். பேசாத மனிதன் பேசினால் அப்படித்தான், பேசக் கூடாததைப் பேசுவான். மறுநாளே ஊரில் பரவிவிட்டது: சைக்கிள் கடை வேதக்காரரிடம் பலிக்கிற புத்தகம் ஒன்று இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதை இப்போது எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

அறுபத்தேழாம் வருஷத் தேர்தல் வந்தது. அரிசிக்கு வரிசையில் நின்று நின்று ஜனங்கள் சலித்துப் போயிருந்த காலம். என் கடைச் சைக்கிள்கள் எல்லாம் கொடி கட்டிப் பறந்தன. காலையில் ஒரு கட்சிக்கு, மாலையில் இன்னொரு கட்சிக்கு. பக்கத்து டீக்கடைக்காரர் எதிர்க்கட்சி. தோட்டத்துப் பெரியவரை அவர் மாமா என்று கூப்பிடுவார். உறவு ஒன்றும் இல்லை, பழக்கம்தான்.

"மாமா, இந்தத் தடவை உங்க ஆளு மண்ணைக் கவ்வறாரு. டெபாசிட்டு மிஞ்சுனா மாதேஸ்வரனுக்கு மொட்டையே போட்டுக்கறேன்."

"உன்ற மண்டைல ஏற்கெனவே பாதி மொட்டைதாண்டா. புதுசா என்ன போடறது?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீக்கடைக்காரருக்கு உறைத்துவிட்டது. "அப்ப நீங்க ஒரு பந்தயம் சொல்லுங்க பாப்போம். நான் தோத்தா என்ற மீசைல பாதி. நீங்க தோத்தா உங்க மீசைல பாதி. சந்தை முடியற வரைக்கும் அப்படியே இருக்கோணும். தைரியமிருந்தாச் சொல்லுங்க."

பாதி மீசைப் பந்தயம் எங்கள் பக்கம் புதிது இல்லை. இளவட்டங்கள் கட்டுவார்கள், தோற்றால் நாலு நாள் வேறு ஊருக்கு ஓடிவிடுவார்கள். ஆனால் பேரன் எடுத்த மனிதர் யாரும் கட்டிப் பார்த்ததில்லை. பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கு உடனே அந்த நாற்காலிக் கிழவர் நினைவுக்கு வந்தார்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று பெரியவர் எழுந்தார். எழுந்தவர் என்னைப் பார்த்தார். "வேதக்காரரே, உங்க புஸ்தகத்துல கயிறு சாத்திப் பாத்துட்டுச் சொல்றேனுங்க."

கயிறு சாத்துவது என்றால், புராணப் புத்தகத்தை மூடி வைத்து, கேட்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு மஞ்சள் நூல் ஒன்றைத் தாள்களுக்கு நடுவே செருகுவது. நூல் நுழைந்த இடத்தைத் திறந்து, வலப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தால் அதுதான் பதில். முன்பக்கமும் பார்க்கக் கூடாது, பின்பக்கமும் பார்க்கக் கூடாது. மாடு தொலைந்தாலும், பெண்ணுக்கு இடம் வந்தாலும் பெரியவர் வீட்டில் அப்படித்தான் பார்ப்பார்களாம்.

வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அது கதைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சு."

"இத்தனை நாள் கழிச்சு எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்" என்றாள்.

மறுநாள் காலையில் பெரியவர் குளித்துத் திருநீறு பூசி, வெளுத்த கதரில் வந்தார். கையில் மஞ்சள் தடவிய நூல், வெற்றிலையில் சூடம். டீக்கடைப் பெஞ்சே எழுந்து என் கடைக்கு வந்துவிட்டது. பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியை ஓரமாக நகர்த்தி, ஒரு மரப் பெட்டியின் மேல் துண்டை விரித்துப் புத்தகத்தை வைத்தார்கள். சூடம் ஏற்றினார்கள். ரப்பர் சொல்யூஷன் வாசனையும் சூட வாசனையும் கலந்து வந்தது. இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று இடித்தது. பெரியவர் கண்ணை மூடி உதடு அசையக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து அது கதை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

நூல் நுழைந்தது. திறந்தேன். எந்த இடம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. படித்தேன்.

கூட்டம் ஆற்றைக் கடந்து பங்களா வாசலுக்கு வருகிறது. தீப்பந்தங்கள், கோடாரிகள். கிழ எஜமானர் தனியாக வெளியே வருகிறார். கையில் ஒன்றும் இல்லை. இந்தக் குளிரில் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். முன்னால் நின்றவன் பழக்கத்தில் தொப்பியைக் கழற்றிவிடுகிறான். அவனைப் பார்த்து அடுத்தவன். எல்லோரும் கழற்றிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போகிறார்கள். வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதோடு பக்கம் முடிந்தது.

பெரியவர் கண்ணைத் திறந்தார். கண்ணில் தண்ணீர். "கேட்டியாடா? ஊடு நிக்குதாம்! நின்ன எடத்துலயே நிக்குதாம்!"

எனக்கு அடுத்த பக்கம் தெரியும். "அடுத்த பக்கத்துல வேற மாதிரி வருதுங்க" என்றேன். சொன்னது உண்மை. ஆனால் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். யாரோ ஒருவர், "கயிறு உழுந்த பக்கத்தோட நிறுத்தோணுமுங்க" என்றார். அவ்வளவுதான், நிறுத்திவிட்டேன்.

"கட்டிக்கிட்டண்டா பந்தயம்" என்று பெரியவர் டீக்கடைக்காரரின் கையில் அடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலத்து மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தேன். சாமியார் வேதப் புத்தகத்தைத் திறந்து வாசித்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அங்கே விரித்திருந்த வெள்ளைத் துணி, என் கடை மரப்பெட்டியின் மேல் விரித்த துண்டு போலவே கண்ணுக்குத் தெரிந்தது.

ஓட்டு எண்ணிய நாளில் டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். ஒவ்வோர் ஊராகச் சொல்லச் சொல்லச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. தோற்கவே மாட்டார்கள் என்று நினைத்தவர்கள் எல்லாம் வரிசையாகத் தோற்றார்கள், பெரியவர் பந்தயம் கட்டிய எங்கள் தொகுதி ஆளும்தான். பிள்ளையார் எழுந்து நடந்தார் என்றாலும் ஜனங்கள் நம்புவார்கள், அந்தக் கட்சி தோற்றது என்றால் நம்பமாட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன். ஒரே நாளில் எல்லோரும் நம்பிவிட்டார்கள். ரோட்டில் வெடி. போகிற லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. தோட்டத்துப் பெரியவர் மட்டும் வரவில்லை. வர வேண்டாம் என்று நான் ஜெபம் செய்தேன்.

மறுநாள் காலையில் வந்தார். அதே வெளுத்த கதர். மீசைக்கு எண்ணெய் போட்டிருந்தார். நேரே டீக்கடைக்கு அடுத்த சலூனுக்குப் போய், "நாற்காலியெ வெளிய போடப்பா. உள்ள செஞ்சா யாரு பாக்கறது?" என்றார்.

சலூன்காரர் தயங்கித் தயங்கி நாற்காலியை ரோட்டோர வேம்புக்கு அடியில் கொண்டுவந்து போட்டார். நாற்காலி வெளியே வந்ததைப் பார்த்ததும் எனக்கு மணியடிக்கிறவன் சொன்னது நினைவுக்கு வந்தது.

டீக்கடைக்காரர் ஓடி வந்தார். நல்ல மனிதர்தான். "மாமா, எந்திரிங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னது. உங்க மீசையெ எடுத்து நான் என்ன பண்ணப் போறேன்?"

"பேச்சுன்னா பேச்சுதாண்டா. நீ தோத்திருந்தா நான் உட்டிருப்பனா?"

"உட்டிருப்பீங்க."

"உட்டிருக்க மாட்டேன். தினமும் வந்து பாத்துச் சிரிச்சிருப்பேன்" என்றார் பெரியவர். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பி என் கடையைப் பார்த்தார். நான் ஒரு வீலைக் கழற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"வேதக்காரரே! அன்னிக்கு என்னமோ மொணமொணன்னீங்களே, அடுத்த பக்கத்துல வேற மாதிரி வருதுன்னு. அதெ எடுத்துட்டு வாங்க. இவன் செரைக்கற வரைக்கும் படிங்க."

அவர் காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்கே விழுந்திருக்கிறது. அவருக்குக் கேட்கவில்லை என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். என் கடைக்கும் வேம்புக்கும் நாலு எட்டுதான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் கழுத்தில் துணி கட்டி, முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தார். நான் பக்கத்தைப் புரட்டினேன். குரல் வரவில்லை. "சத்தமாங்க" என்றார் அவர். இரண்டாம் தடவை வந்தது.

மூன்றாம் நாள் அதே கூட்டம் திரும்பி வருகிறது. கழற்றுவதற்கு இப்போது யார் தலையிலும் தொப்பி இல்லை. நாற்காலிகளைத் தூக்கி வெளியே எறிகிறார்கள். விருந்து நடந்த கூடத்தில் குதிரைகளைக் கட்டுகிறார்கள்.

விசில் பறந்தது. "அப்படிப் போடு!" என்று யாரோ கத்தினார்கள். "புஸ்தகம்னா இது புஸ்தகம்!" கத்தி பெரியவரின் இடப்பக்கத்து மீசையில் இறங்கியது. நரைமயிர் நுரையோடு துணியில் விழுந்தது. நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அன்றைக்கு நிறுத்தியதுதான் தப்பாகப் போயிற்று, இன்றைக்கு நிறுத்த மாட்டேன் என்று ஒரு வீம்பு. மேலே படித்தேன்.

பனிக்காலம் வருகிறது. வீட்டைப் பிடித்தவர்களுக்கு விறகு இல்லை. வெளியே எறிந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக உடைத்துத் தீ மூட்டுகிறார்கள். குளிர் விட்டதும், இனி யார் எங்கே உட்காருவது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வருகிறது. உட்கார ஒரு நாற்காலியும் இல்லை.

விசில் நின்றுவிட்டது. டீக்கடைக்காரர் முகம் சுருங்கியது. "போதும் நிறுத்துங்க வேதக்காரரே. இதுக்குக் கயிறு சாத்தலீங்களே. கயிறு சாத்தாமப் படிச்சா பலிக்காதுங்க."

"ஆமாங்க, பலிக்காது" என்று நாலைந்து குரல்கள்.

அப்போதுதான் சொன்னேன். ஒருவர் முகத்தையும் பார்க்காமல், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "இது வேதமில்லீங்க. கதைங்க. ரஷ்யாக்காரங்க எழுதுன கதை. நான் சும்மா பொழுது போகப் படிக்கிறதுங்க."

பின்னால் இருந்து ஒரு பெண்பிள்ளை, "அட கெரகமே, கதைக்கா சூடம் காட்டுனீங்க?" என்றாள். பிறகு எழுந்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நாமக்கல் பஸ் வந்து நின்று, அதில் இருந்தவர்களும் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். சலூன்காரர்கூடக் கத்தியை எடுத்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, வலப்பக்கம் முறுக்கிய மீசையையும் இடப்பக்கம் வெறும் தோலையும் பார்த்தார்.

"இந்தப் பக்கம் காத்து நல்லா வருதப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். என் பக்கம் திரும்பவில்லை.

சந்தை நாளன்று அவர் வாயைத் துண்டால் மூடிக்கொள்ளாமல் போனதைப் பார்த்தேன். பாதி மீசையோடு பருத்திக்கொட்டை விலை கேட்டார். பிள்ளைகள் பின்னாலேயே போனார்கள். யாராவது கேட்டால், "பந்தயத்துல தோத்தனுங்க" என்று மட்டும் சொன்னார். என்னை நம்பிக் கட்டித் தோற்றதாக ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பல நாள் அவர் கடைக்கு வரவில்லை. நான் புத்தகத்தைத் தொடவில்லை. பழைய டியூப்களுக்கு அடியில் போட்டுவிட்டேன். ஊரில் எனக்கு வேதக்காரர் என்ற பெயர் போய், கொஞ்ச காலம் கதைக்காரர் என்று பெயர். மனைவி ஒரே ஒரு தடவை, "அன்னிக்கு நாலு பேரு நடுவுல சொன்னீங்களாமே" என்றாள். அதில் கேலி இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் பெரியவர் வந்தார். மீசை முழுவதையும் எடுத்துவிட்டிருந்தார். மேலுதடு மட்டும் வெயில் படாத நிறத்தில் இருந்தது. வேற்று ஆள் மாதிரி. மரப் பெட்டியில் உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றேன்.

"கதைன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நான் பந்தயம் கட்டியிருக்க மாட்டேனுங்க" என்றார்.

"தெரியுமுங்க."

"ஏன் சொல்லலீங்க?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

அவர் மீசை இருந்த இடத்தைத் தடவினார். கை பழக்கத்தில் முறுக்கப் போய், ஒன்றும் அகப்படாமல் இறங்கியது.

"வெக்கம்" என்றார். "எனக்கு வந்துச்சு பாருங்க, அதுதான் வெக்கம். உங்களுது என்ன வெக்கம்?"

ஒரு சைக்கிள் வந்தது, காற்று அடித்துக் கொடுத்தேன். அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அந்த மணியடிக்கற கிறுக்கன் கடைசில என்ன ஆனானுங்க?"

"ஒண்ணும் ஆகலீங்க. எல்லாம் அவன் சொன்னபடியே நடந்துச்சு. அதுக்கப்புறம் யாரும் அவங்கிட்ட ஒண்ணுமே கேக்கலீங்க."

"அது எப்படிக் கேப்பாங்க" என்றார். புத்தகம் எங்கே என்று கண்ணால் தேடினார். "எடுங்க. ஆரம்பத்துல இருந்து படிங்க. என்ன நடந்துச்சுன்னு முழுசாக் கேக்கறேன். கதையாவே படிங்க."

டியூப்களை விலக்கி எடுத்தேன். வெயில் நேரங்களில் படித்தேன். என் குரல் பழையபடி உள்ளேயே போயிருந்தது. அவர் பெட்டியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். டீக்கடைக்காரர் தன் வாசலில் இருந்தே, "கயிறு வேணுமுங்களா மாமா?" என்று கத்துவார். "உன்ற கழுத்துக்கு வெச்சுக்கடா" என்று இவர் பதில் சொல்வார்.

ஒரு நாள் தாளைத் திருப்பியபோது ஓரத்தில் மஞ்சள் கறை தெரிந்தது. நூல் நுழைந்த இடம். அந்தப் பக்கத்தை எப்படியோ படித்தேன். தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் திரும்பிப் போனார்கள். வீடு நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குமேல் விரல் நகரவில்லை.

"என்னுங்க?"

"அந்தப் பக்கம் முடிஞ்சுதுங்க."

அவர் எட்டி, கறையைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"சரி, பொரட்டுங்க" என்றார்.